தொற்றா நோய்களும் நம் கிராமங்களும்

ஆனி பிறந்து திரிகூட மலையில் மேகம் கவிந்து சாரல் தூவத் தொடங்கியதும், நாற்றிசையிலிருந்தும் மக்கள் குற்றாலத்திற்குத் திரண்டு வருகின்றனர். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடினால் உடற்பிணி நீங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அதே சிற்றாற்று நீரில் குளித்து, அதே நீரில் நெல் விளைவித்து, ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் தென்காசி வட்டாரக் குடும்பங்களை நோக்குவோம். சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ நுழையாத தெரு ஒன்றை அங்கே காண்பது அரிது. இது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொற்றா நோய் என்பது யாது?

நம் பாட்டனார் காலத்தில் ஊரை அழித்தவை வாந்திபேதியும் பெரியம்மையும். அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவின. குடிநீரைத் தூய்மை செய்தும் அம்மை குத்தியும் அவற்றை எதிர்த்தோம். பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென 1980-ல் அறிவிக்கப்பெற்றது. இன்று முன்னிற்பவை வேறு வகையின. இதய நோய், பக்கவாதம், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், புற்றுநோய், நாட்பட்ட மூச்சிரைப்பு ஆகிய இவை ஒருவரைத் தொட்டதனால் பிறருக்கு ஒட்டுவதில்லை. ஓசையின்றிப் பல ஆண்டுகள் உள்ளே வளர்கின்றன. உலகில் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இவற்றால் நேர்வன. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் தெரிவித்தது. நகரத்தில் மிகுதி எனினும், கிராமம் விலக்கன்று.

இவை கேடு செய்யும் விதத்தை விவசாயி எளிதில் உணரலாம். வயலுக்கு நீர் கொண்டுவரும் குழாயில் அழுத்தம் மிகுந்தால், குழாய் நாளடைவில் நைந்து ஓரிடத்தில் வெடிக்கிறது. உட்புறம் கசடு படிந்தால் அடைபடுகிறது. நம் இரத்தக் குழாய்களும் அத்தகையவையே. கொதிப்பு அவற்றை நைக்கிறது. மிகுந்த சர்க்கரையும் கொழுப்பும் புகையிலையின் நஞ்சும் உட்சுவரைக் கெடுக்கின்றன. அடைப்பு இதயத்தில் நேர்ந்தால் மாரடைப்பு. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம். சிறுநீரகமும் கண்ணும் இவ்வாறே பழுதுறுகின்றன.

வயதையும் பரம்பரையையும் நம்மால் மாற்ற இயலாது. புகையிலை, மது, உப்பு, எண்ணெய், உழைப்பின்மை ஆகியவற்றை மாற்ற இயலும். ஆதலின் நம் முயற்சி முழுவதும் இவற்றின்மீதே செல்ல வேண்டும்.

பீடியும் பிழைப்பும்

தென்காசி, ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் பீடியைப் பற்றிப் பேசாமல் உடல்நலம் பற்றிப் பேசுவது வீண். திண்ணையில் அமர்ந்து, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் தாய்மாரின் கூலியால் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். எத்தனையோ பெண்களுக்குத் திருமணம் நடந்தது. அத்தொழிலை இகழ்ந்து பேச நமக்கு உரிமை இல்லை. எனினும் உண்மையை மறைப்பதும் முறையன்று. பீடி சிறியது, ஆகவே தீங்கும் சிறியது என்பது தவறு. இலை எளிதில் எரியாததால் அடிக்கடி இழுக்க வேண்டியுள்ளது. ஆகவே நஞ்சும் மிகுதியாக உட்செல்கிறது. நுரையீரல், வாய், தொண்டை ஆகியவற்றில் புற்றும், மாரடைப்பும், மூச்சிரைப்பும் அதன் விளைவுகள். மெல்லும் புகையிலையும் வாய்ப் புற்றுக்கு வழியாகும்.

சுற்றுபவருக்கும் இடர் உண்டு. புகையிலைத் தூள் மூச்சோடு செல்கிறது. அதன் நஞ்சு தோல் வழியாகவும் ஏறுகிறது. நாள் முழுதும் குனிந்திருப்பதால் கழுத்தும் முதுகும் நோகின்றன. ஆகவே காற்றோட்டமான இடத்தில் அமர்தல், வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுதல், தூளை அடுக்களையிலும் தொட்டிலின் அருகிலும் வையாதிருத்தல், உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதல், மணிக்கொருமுறை எழுந்து நடத்தல் ஆகியவற்றைக் கைக்கொள்ள வேண்டும். வேறு தொழில் கற்க விரும்பும் இளம்பெண்களுக்கு வழிகாட்டுவது பஞ்சாயத்தின் நீண்டகாலப் பணியாகட்டும்.

உணவும் உழைப்பும்

"வயலில் பாடுபடுகிறவனுக்குச் சர்க்கரை வருமா?" என்று வினவுவோர் உளர். பாடுபடுவோருக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் இன்று உழவுக்கு டிராக்டர், அறுவடைக்கு இயந்திரம், அடுத்த தெருவுக்கும் மோட்டார் சைக்கிள். உழைப்பு குறைந்தது, இலையில் விழும் சோறோ குறையவில்லை. அதற்குமேல் இரவில் பரோட்டாவும் எண்ணெயில் பொரித்த கறியும் சேர்கின்றன. பிரானூர் பார்டர் கடைப் பரோட்டாவை ஆண்டுக்கு இருமுறை சுவைத்தல் குற்றமன்று. நாள்தோறும் இரவுணவு அதுவாதல் தீங்கு.

கருப்பட்டியும் தேனும் சர்க்கரையை ஏற்றா என்பது நம் பகுதியில் வேரூன்றிய நம்பிக்கை. இது பிழை. கருப்பட்டியும் சர்க்கரையே, நோயுள்ளவர் அதையும் குறைத்தே கொள்ள வேண்டும். சோற்றைக் குறைத்து, காய், கீரை, பயறு வகைகளைக் கூட்டுதலே நல்வழி. பாவூர்ச்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுமுன், ஒரு கூடையை வீட்டுக்கு ஒதுக்குக!

உப்புக்கும் கணக்கு உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஆகாது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு மாதம் 600 கிராம் போதும். ஊறுகாயிலும் கருவாட்டிலும் அப்பளத்திலும் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை பொட்டலம் செலவாகிறது என்று இன்றே கணக்கிட்டுப் பாருங்கள்.

அறிந்துகொள்ளலும் தொடர்ந்து காத்தலும்

கொதிப்பும் சர்க்கரையும் தொடக்கத்தில் நோவு தருவதில்லை. ஆகையால் 30 வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்வது அவசியம். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருப்பின், மறுமுறையும் சோதித்து உறுதி செய்து சிகிச்சை தொடங்குவர். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி ஆகியவற்றையும் உடனே காட்டுதல் வேண்டும். கருப்பை வாய்ப் புற்று பெரும்பாலும் ஒரு வைரஸால் விளைவது; அதற்குத் தடுப்பூசியும் முன்சோதனையும் உண்டு.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்தை நோயாளியின் வீட்டிற்கே கொண்டுசெல்ல வகுக்கப்பெற்றது. ஆயினும் வீடு வந்த மருந்தை வாயில் இடுவது நம் கடமை. "அளவு சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவோர் பலர். அளவு சரியானது மாத்திரையால் என்பதை அவர் மறந்தனர். மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவது, வாய்க்காலில் நீர் வருகிறது என்று மடையை அடைப்பதை ஒக்கும். அருவிக் குளியல் உடலுக்கும் உள்ளத்திற்கும் இதம் தரும், மாத்திரைக்கு ஈடாகாது.

விவசாயிகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள்: சர்க்கரை நோயில் பாதம் உணர்ச்சி இழப்பதுண்டு. வெறுங்காலுடன் வரப்பில் நடந்து முள் தைத்தாலும் தெரியாது. புண் முற்றிக் காலையே இழக்க நேரும். இரவுதோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். மேலும், மூட்டு வலிக்கென்று கடையில் வலி மாத்திரை வாங்கி நாளும் உண்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்த்தாலோ, முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினாலோ, வாயுத் தொல்லை என்று கஷாயம் காய்ச்சிக் காத்திருக்கலாகாது. உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்து நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தினாலே பயன் தரும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. கிராம சபை கூடும் நாளில் சுகாதார நிலையத்தாரை அழைத்துச் சோதனை முகாம் நடத்துதல்.
2. பள்ளியிலிருந்து 100 கெஜத்திற்குள் புகையிலை விற்பதைச் சட்டம் தடுக்கிறது. அதை நிறைவேற்றுமாறு செய்தல்.
3. குளக்கரையையும் ஊர்ப் பாதையையும் பெண்களும் முதியோரும் அஞ்சாது நடக்கத்தக்கவாறு சீர்செய்து விளக்கிடுதல்.
4. மருந்தை இடையில் நிறுத்தியவர்களை வீடு தேடிச் சென்று மீண்டும் சேர்த்தல்.

பாலம் கட்டினால் ஊரார் காண்பர். வராமற்போன மாரடைப்பை எவரும் காணார். எனினும் குடும்பத் தலைவன் ஒருவன் நாற்பத்தைந்து வயதில் படுக்கையில் வீழ்ந்தால், நிலம் அடகுக்குப் போவதையும் மகளின் படிப்பு நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அதைத் தடுப்பதும் கிராம அபிவிருத்தியே. அடுத்த சாரல் காலம் வருமுன் நம் ஊரில் சோதிக்கப்படாத பெரியவர் ஒருவரும் இல்லை என்று சொல்லத்தக்க நிலையை எய்த, ஒவ்வொரு பஞ்சாயத்தும் இன்றே முனைவதாக!