சாயம் சொல்லும் சான்று

நுழையும்முன்

செட்டிநாட்டுப் பெருவீடுகளில் அறைகள் பல. ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டைத் திறவாது. உடலைக் காக்கும் நோயெதிர்ப்புச் செல்களை இனங்காணும் அறிவியலும் இத்தகைய பொருத்தத்தையே அடிப்படையாகக் கொண்டது. எனினும், கண்ணுக்குத் தெரியும் நிறமெல்லாம் உண்மையாகிவிடுமா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடம்.

தோற்றம் ஒன்று, தொழில் வேறு

வழக்கமான சாயங்கள் ஏற்றிய சுண்டெலியின் மண்ணீரல் சீவலை நுண்ணோக்கியில் கண்டால், நீலநிற உட்கருக்களைக் கொண்ட சிறு வட்டங்கள் செறிந்திருக்கும். அவற்றுள் டி-செல் எது, பி-செல் எது எனத் தோற்றத்தால் பிரித்தறிய இயலாது. ஆனால் அவற்றின் பணிகள் வெவ்வேறானவை. பி-செல்கள் எதிர்ப்பொருள்களை உருவாக்க வழிசெய்கின்றன. டி-செல்களுள் ஒரு பிரிவு நோயுற்ற செல்களை அழிக்கிறது. மற்றொரு பிரிவு ஏனைய செல்களின் செயலை நெறிப்படுத்துகிறது.

தோற்றம் மறைப்பதைப் புரதம் காட்டிக்கொடுக்கும். டி-செல்லின் மேற்பரப்பில் சி.டி.3 என்னும் புரதமும், பி-செல்லில் பி220 என்பதும், சுண்டெலியின் பெருவிழுங்கு செல்களுள் பலவற்றில் எஃப்4/80 என்பதும் அடையாளங்களாக அமைந்துள்ளன.

சாவி கிடைத்த வரலாறு

குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளே இங்குச் சாவி. ஆல்பர்ட் கூன்ஸ் 1940களின் தொடக்கத்தில் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினார். 1975இல் கோலர், மில்ஸ்டைன் இருவரும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு உருவாக்கும் வழியைக் கண்டனர். 1984இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எஃப்4/80 எதிர்ப்பொருள் குறித்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1981இல் அறிவித்தனர்.

செய்முறை

திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பொதித்து, ஏறத்தாழ 4 அல்லது 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுவர். பதப்படுத்துகையில் மறைந்துபோன புரதப் பகுதிகளைத் தாங்கல் கரைசலில் சூடாக்கி வெளிப்படுத்துவர். பின்னர் முதல் எதிர்ப்பொருளை இடுவர். அதனைப் பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளில் பெராக்சிடேஸ் என்னும் நொதி இணைந்திருக்கும். உரிய வேதிப்பொருளைச் சேர்த்தவுடன், தேடிய செல் பழுப்பு நிறத்தில் வெளிப்படும்.

நிறம் பொய்ப்பதும் உண்டு

திசுவிலுள்ள சில செல்களில் இயல்பாகவே பெராக்சிடேஸ் உண்டு. அதனை முன்னரே ஹைட்ரஜன் பெராக்சைடால் செயலிழக்கச் செய்யாவிடில், எதிர்ப்பொருள் சேராத இடத்திலும் பழுப்பு நிறம் தோன்றும். பெருவிழுங்கு செல்கள் தமக்குத் தொடர்பில்லாத எதிர்ப்பொருள்களையும் அவற்றின் வால்பகுதியால் பற்றிக்கொள்ளும். சுண்டெலியிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருளைச் சுண்டெலித் திசுவிலேயே இட்டால், இரண்டாம் எதிர்ப்பொருள் அத்திசுவில் முன்பே உள்ள எதிர்ப்பொருள்களையும் பற்றும். ஆகவேதான் பெரிய எலி, முயல் போன்ற பிற விலங்குகளிடமிருந்து பெற்றவற்றை ஆய்வாளர் பெரிதும் நாடுகின்றனர்.

இப்பிழைகளுள் பலவற்றைக் காட்டிக்கொடுப்பது ஒப்பீட்டுச் சீவல். முதல் எதிர்ப்பொருளை மட்டும் தவிர்த்து, ஏனைய படிகள் அனைத்தையும் அதில் செய்வர். அதிலும் நிறம் தோன்றினால், அந்நிறம் சான்றாகாது. ஓர் அடையாளத்தை மட்டும் நம்புவதும் தகாது; எஃப்4/80 சில ஈசினோஃபில் செல்களிலும் காணப்படுகிறது. செல்லின் வடிவம், அமைவிடம், பிற அடையாளங்கள் ஆகியவற்றையும் இணைத்தே முடிவுக்கு வருதல் வேண்டும்.

கவனமும் கடமையும்

ஒவ்வொரு சீவலுக்குப் பின்னும் ஓர் உயிர் இருக்கிறது. விலங்குகளின்மீது நடத்தப்பெறும் ஆய்வுகளை, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழு நெறிப்படுத்துகிறது. ஒப்பீட்டுச் சீவலின்றி நடத்தப்படும் ஆய்வு, அவ்வுயிரை வீணாக்குவதாகும்.

இம்முறையின் பயன் ஆய்வகத்தோடு நின்றுவிடுவதில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. அந்நோய்க்கிருமி தாக்கும் சி.டி.4 செல்களை நோயாளியின் குருதியில் எண்ணுவதற்கும் சாயம் இணைத்த எதிர்ப்பொருள்களே உதவுகின்றன. அங்குப் பிழைபட்ட எண்ணிக்கை, ஒரு மனிதரின் மருத்துவத்தையே திசைமாற்றிவிடக்கூடும். கண்டதை உடனே நம்பாது, ஒப்பிட்டுத் தெளிவதே அறிவியல் நேர்மை.

கற்பவை கற்றபின்

1. ஒப்பீட்டுச் சீவலில் முதல் எதிர்ப்பொருளை மட்டும் தவிர்ப்பது ஏன்? விளக்குக.
2. 'கண்ணால் காண்பது மட்டும் சான்றாகாது' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.