காய்ச்சல் இல்லாத வீட்டில் என்ன வேலை?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ படிப்புக்கு நடுவிலும் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டிருக்கிறாய். வாரம் தவறாமல் ஓர் அம்மா டார்ச் லைட்டோடு வந்து தொட்டியையும் டிரம்மையும் எட்டிப் பார்க்கிறார், அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். "நம் வீட்டில் யாருக்கும் காய்ச்சலே இல்லையே மாமா, அவருக்கு இங்கே என்ன வேலை?" என்கிறாய். சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத ஆசை.

அடுத்த முறை அவர் வரும்போது பக்கத்தில் நின்று பார். தண்ணீரில் வெளிச்சம் பட்டதும் நூல் துணுக்குகள் போல மேலே தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். அவைதான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வாராவாரம் வருவதற்குக் காரணம் அந்தக் கணக்குதான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று அவர் சொல்வதற்கும் காரணம் உண்டு. கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். அதனால்தான் கோடை முழுக்க வறண்டு கிடந்த தெருவிலும் முதல் மழைக்குப் பின் டெங்கு தலைதூக்குகிறது.

அவர் அட்டையில் குறித்தது உன் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. நூறு வீடுகளைப் பார்த்தால் புழு இருந்த பாத்திரங்கள் எத்தனை என்று கூட்டுவார்கள். பிரிட்டோ குறியீடு என்று அதற்குப் பெயர். அது ஏறினால் அந்தப் பகுதியில் காய்ச்சல் வருவதற்கு முன்பே ஆட்களை அனுப்பலாம். ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். உன் வீட்டு ஃபிரிட்ஜின் பின்தட்டில் பிறந்த கொசு எதிர்வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். ஆகவே காய்ச்சல் இல்லாத வீட்டிலும் அவருக்கு வேலை இருக்கிறது. அவருக்குச் சம்பளம் தருவது உள்ளாட்சி. எங்கே, எதை, எப்படித் தேட வேண்டும் என்று சொல்லித் தருவது பொது சுகாதாரத் துறை.

டாக்டர் ஆக ஆசைப்படும் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மாநிலத்தில் அரசு மருத்துவம் மூன்று பெரிய இயக்ககங்களாகப் பிரிந்திருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளும் அவற்றைச் சேர்ந்த மருத்துவமனைகளும் ஒன்றின் கீழ், மாவட்ட, தாலுகா மருத்துவமனைகள் இன்னொன்றின் கீழ். மூன்றாவதுதான் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககம். ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் இதனுடையவை. மருத்துவமனை தன்னிடம் வந்தவரைப் பார்க்கும். இந்தத் துறை வராதவரைத் தேடிப் போகும். ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், அங்கே ஒரு கிராம சுகாதார செவிலியர். மலைப்பகுதி என்றால் மூவாயிரம் பேருக்கு ஒன்று. எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பிரிவு இன்றைக்கு ஏற்பட்டதல்ல. சென்னை மாகாணத்தில் 1920களின் தொடக்கத்திலேயே பொது சுகாதாரம் தனித் துறையானது. 1939இல் இங்கே இயற்றப்பட்ட பொது சுகாதாரச் சட்டம்தான் இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய் அறிவிப்பு எல்லாம் அதில் உண்டு. கொரோனா காலத்தில் முகக்கவசம் போடாதவர்களுக்கு அபராதம் விதித்ததும் அந்தச் சட்டத்தைத் திருத்தித்தான். சுதந்திரத்துக்குப் பின் பல மாநிலங்கள் சிகிச்சையையும் தடுப்பையும் ஒரே துறையாக இணைத்தன. தமிழ்நாடு பிரித்தே வைத்துக்கொண்டது. அது சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். ஒரே அலுவலரிடம் இரண்டு வேலையையும் கொடுத்துப் பார், வாசலில் நோயாளிகள் நிற்கும்போது அவர் எப்படி எழுந்துபோய் ஊர்க் கிணற்றைப் பார்ப்பார்? அவரைக் குறை சொல்ல முடியாது.

குடிநீர் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, என் வேலையில் பெரும்பகுதி அதுதான். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்துவிட்டோம் என்று ஆபரேட்டர் சொல்வார். நாங்கள் தொட்டிக்குப் போக மாட்டோம், தெருவின் கடைசிக் குழாய்க்குப் போவோம். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். அந்த நிறத்தைக் குளோரோஸ்கோப்பில் உள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொடக்க வீட்டில் மஞ்சளும் கடைசி வீட்டில் வெறும் தண்ணீரும் என்றால் நடுவில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். குளோரினை அந்த அழுக்கு தின்றுவிட்டது. வயிற்றுப்போக்கோடு முதல் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அந்த உடைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் மற்ற கடலோர ஊர்களிலும் காலராவும் அம்மையும் பரவிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. முகாம் முகாமாகக் குளோரின் கலந்தார்கள், தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை.

இன்னொன்று, தாய்மார்களின் இறப்பு. பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால், ஏன் இறந்தார் என்று விசாரிக்கும் வழக்கம் நம் மாநிலத்தில் 1990களிலேயே வந்துவிட்டது. வீட்டாரிடமும் செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்பார்கள். ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, ரத்தம் எங்கே கிடைக்காமல் போனது, உயர் ரத்த அழுத்தத்தை யார் கவனிக்கத் தவறினார்கள் என்று நேரம் போட்டு எழுதுவார்கள். மாவட்ட ஆட்சியர் வரை அந்த ஆய்வு போகும். கேட்பதற்கே கடினமான கூட்டங்கள் அவை, ஆனால் அடுத்த பெண்ணைக் காப்பாற்ற வேறு வழியில்லை. 2018-20 கணக்கில் லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. அந்த 54-ம் அதிகம்தான்.

இப்போது வேலை மாறிக்கொண்டிருக்கிறது. முன்பு பெரியம்மை, காலரா. இன்று சர்க்கரை, ரத்த அழுத்தம். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் அதற்காகத்தான், மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் பழைய வேலை குறைந்துவிடவில்லை. புதிய மருத்துவமனைக் கட்டடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆய்வாளர் பணியிடம் ஒன்று காலியாகக் கிடந்தால் ஊருக்கு உடனே தெரியாது, தெரியவரும்போது மழைக்காலம் வந்திருக்கும். எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. நீ டாக்டராகி எந்தப் பிரிவுக்குப் போனாலும் இதை மனதில் வைத்துக்கொள்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு புதன்கிழமை உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குப் போய்வா. தடுப்பூசி நாள் அது. தடுப்பு மருந்தை இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வரும் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருப்பதைச் செவிலியர் காட்டுவார். வழியில் சூடு பட்டிருந்தால் சதுரம் கருக்கத் தொடங்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பிறகு, இன்று வர வேண்டிய குழந்தைகளில் யார் வரவில்லை என்று கேள். பெயர்ப் பட்டியல் அவர் கையிலேயே இருக்கும். சாயங்காலம் அந்த வீடுகளுக்கு அவர் போவார். அழைத்தால் நீயும் கூடப் போய்விட்டு வந்து, பார்த்ததை எனக்கு எழுது. அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்