பழைய காரின் பிரேக் குழாயைக் கவனியுங்கள்

கடலோர ஊரில் ஓடும் பழைய காரா? சர்வீஸுக்கு விடும்போது, அடியில் போகும் இரும்பு பிரேக் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் சேறும் உப்பும் தங்கி அரிக்கும். மேல்துருவைத் தேய்த்த பிறகும் குழி தெரிந்தாலோ, பிரேக் ஆயில் கசிந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். கெட்ட துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடச் சம்மதிக்காதீர்கள். முனைக்கு முனை புதுக் குழாயே போடுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் குழாய் துருப்பிடிக்காது, எளிதில் வளையும். வெறும் செம்புக் குழாய் ஆகவே ஆகாது. அதிர்வில் விரிசல் விடும். மாற்றியபின் நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் ஏர் எடுத்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் குறித்துள்ள வகை ஆயிலையே ஊற்றவேண்டும். அது பெயின்டில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது மெத்தென்று அமுங்கினால் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.