தெருவுக்கு ஒரு சங்கம் அமைப்போம்

கும்பகோணத்தில் பெரிய கடையானாலும் சந்துக் கடையானாலும், வாசலில் குப்பை கிடந்தால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். மாநகராட்சியைக் குறை சொல்வதால் மட்டும் வாசல் சுத்தமாகிவிடாது.

1989இல் சென்னையில் திரு. எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் எளிய வழியைக் காட்டியது. தெருவார் மாதச் சந்தா போட்டு ஓர் ஆளையும் வண்டியையும் அமர்த்தினார்கள். அவர் வீடு வீடாகக் குப்பை வாங்கிச் சேர்த்தார். அங்கிருந்து அகற்றுவது மாநகராட்சியின் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியவை:

1. முதலில் ஒரே தெருவில் தொடங்குவோம். நிர்வாகக் குழுவில் கடைக்காரருக்குச் சமமாகக் குடியிருப்போரும் இருக்கட்டும். வியாபாரிகள் சங்கம் என்று தோன்றினால் வீட்டுக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

2. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். அப்போதுதான் மனுவுக்கு மதிப்பு.

3. 2021இல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் வந்த 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும். சந்தாவில் மிச்சம் பிடித்தால் அந்தப் பங்கு நம் கையில்.

4. வரவு செலவை மாதந்தோறும் பலகையில் எழுதுவோம். கணக்கு மறைந்தால் சந்தாவும் நின்றுவிடும்.

2028இல் மகாமகம் வருகிறது. ஊரே திரளும் அந்த நாளுக்கு முன் நம் தெருவை நாமே ஆயத்தம் செய்வோம்.