கட்டடங்களைக் குளிர்வித்தல்: வெப்பமும் ஈரமும்

வட இந்தியச் சமவெளியில் மே மாதத்தில் ஒரு வகுப்பறையை இதமாக வைத்திருந்த நீர்க் கூலர், ஜூலை மாதத்தில் அதே அறையில் பயன் தராமற் போவதுண்டு. கூலர் பழுதுற்றதெனப் பலரும் எண்ணுவர். உண்மையில் மாறியது கூலரன்று, காற்றிலுள்ள ஈரமே. கட்டடங்களுக்குக் குளிர்ச்சி அமைப்புகளை வகுக்கும் இயந்திரப் பொறியியலார் வெப்பத்தோடு ஈரத்தையும் முதலில் கணக்கிடுவது இக்காரணம் பற்றியே.

ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைக் காற்று இழப்பதால் காற்று குளிர்கிறது. வாயிலில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு நீர் தெளிக்கும் பழைய வழக்கமும், விசிறி பொருத்திய கூலரும் இத்தத்துவத்தைக் கொண்டே இயங்குகின்றன.

எவ்வளவு குளிர்ச்சி கிட்டும் என்பதை இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு அறியலாம். ஒன்றன் குமிழை ஈரத்துணியால் சுற்றி, இரண்டையும் நிழலில் வைத்து நன்கு விசிறி, அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். மே மாத நண்பகலில் உலர்ந்த குமிழ் 42 டிகிரி செல்சியசும், ஈரக்குமிழ் 22 டிகிரியும் காட்டுவதாகக் கொள்வோம். வேறுபாடு 20 டிகிரி. நல்ல கூலர் இதில் முக்கால் பங்கைக் குறைக்குமாயின், காற்று 27 டிகிரியில் அறைக்குள் வரும். மழைக்காலத்தில் இவ்வளவுகள் 34, 28 என அமைந்தால், குறைவது நாலரை டிகிரியே. மேலும், கூலர் சேர்க்கும் ஈரத்தால் வியர்வை உலராது, புழுக்கம் மிகும். அப்போது நீரை நிறுத்தி, விசிறியை மட்டும் இயக்குவதே நன்று.

குளிர்பதன இயந்திரம் இதற்கு மாறானது. அது காற்றைக் குளிர்வித்து, அதிலுள்ள ஈரத்தை நீராக வடித்து வெளியேற்றுகிறது. 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் வகுத்த அமைப்பும், ஓர் அச்சகத்தில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டே எழுந்தது. ஆதலின் இவ்வியந்திரம் இயங்கும் அறை மூடியிருத்தல் வேண்டும். கூலர் இயங்கும் அறையிலோ, ஈரக்காற்று வெளியேற எதிர்ப்புறச் சன்னல்கள் திறந்திருத்தல் இன்றியமையாதது.

குளிர்பதன இயந்திரத்தின் ஆற்றல் 'டன்' என்னும் அளவாற் குறிக்கப்படும். ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி, அதாவது 907 கிலோகிராம், 24 மணி நேரத்தில் உருகும்போது கவரும் வெப்ப வீதமே அது, ஏறத்தாழ 3.5 கிலோவாட். அமர்ந்திருக்கும் ஒருவரது உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. எனவே 40 பேர் கூடிய அறையில், அவர்களது வெப்பத்தை நீக்குவதற்கே ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். கூரை, மேற்குச் சன்னல்கள், விளக்குகள் ஆகியவற்றின் வெப்பம் இதற்குப் புறம்பானது.

ஆகவே கூரைக்கு வெள்ளையடித்தலும், மேற்குச் சன்னல்களுக்கு வெளிப்புறத்தில் நிழல் அமைத்தலும் முதற் பணிகளாகும். சன்னலின் உட்புறத்தில் தொங்கும் திரை, கண்ணாடியைக் கடந்து வந்த வெப்பத்தையே தடுக்க முயல்கிறது. அவ்வெப்பத்தின் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும். புகும் வெப்பத்தைக் குறைத்த பின்னரே இயந்திரத்தின் அளவை முடிவு செய்தல் சிக்கனமாகும்.

பயிற்சி: மேற்கண்டவாறு இரண்டு வெப்பமானிகளின் அளவுகளையும் மாதம் ஒரு முறை, ஒரே நேரத்தில், மாணவர்களைக் கொண்டு குறிக்கச் செய்க. அவ்வூரில் எம்மாதங்களில் கூலர் பயன்படும், எம்மாதங்களில் பயன்படாது என்பதை அவர்களே கண்டறிவர்.