வண்டிக்கு அடியில் பார்த்தீர்களா? பழைய நான்கு சக்கர இயக்க வண்டி வாங்குவோர்க்கு

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த ஓரிரண்டு ஆண்டுகளில் நம்மில் பலருக்கு ஓர் ஆசை முளைக்கிறது: ஒரு 'ஃபோர்வீல்' வாங்க வேண்டும். கேமரன் மலைக்குச் சென்றவர்கள், காய்கறிக் கூடைகளைச் சுமந்து சேற்றுப் பாதையில் ஏறும் பழைய லேண்ட்ரோவர்களைப் பார்த்து மயங்கியிருப்பார்கள். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கோ ஹைலக்ஸ் என்பது ஏறக்குறைய வீட்டு வண்டி. புதிதாக வாங்க நம் சம்பளம் இடம் கொடுக்காது. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடியதைத்தான் தேடிப் போகிறோம். போன இடத்தில் என்ஜின் சத்தத்தைக் கேட்கிறோம், குளிர்சாதனத்தைத் திறந்து பார்க்கிறோம், டயரை ஒரு உதை உதைக்கிறோம். குனிந்து அடியில் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

என் அண்ணனும் பார்க்கவில்லை. சந்தைக்குக் காய்கறி ஏற்ற, தனிநபர் கடன் எடுத்து 28,000 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய பிக்கப் வாங்கினார். வெளியே பளபளவென்று புதுச் சாயம். ஏழாவது மாதம் பின்பக்கம் ஏதோ தட்டுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கி வைத்து, பின் அச்சுக்கு மேலே சட்டத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது. "தம்பி, வண்டியப் பாத்து வாங்குனீங்க சரி, அடியில பாத்தீங்களா?" என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. வண்டி நின்றுவிட்டது, கடன் மட்டும் இன்னும் நான்கு ஆண்டுகள் ஓடியது.

என்ஜின் கெட்டால் மாற்றலாம். கியர்பெட்டியையும் மாற்றலாம். ஆனால் அடிச்சட்டம், அதாவது சேசிஸ், அப்படிப்பட்டதன்று. வண்டியின் அடையாள எண்ணே அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அச்சு, ஸ்டீரிங் பெட்டி, ஸ்பிரிங், உடற்பகுதி எல்லாம் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அது அரித்துப்போனால் வண்டியே போய்விட்டது என்றுதான் பொருள்.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

பள்ளியில் வேதியியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். இரும்புக்கு நீரும் உயிர்வாயுவும் ஒன்றாகக் கிடைத்தால் துருப்பிடிக்கும். நீரில் உப்பு கலந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகப் பாயும், அரிப்பு விரைவுபடும். பலரும் கவனிக்காத இன்னொரு கூறு உண்டு. ஈரச் சேறு அப்பிய இடத்துக்கு அடியில் உயிர்வாயு குறைவு, அதைச் சுற்றியுள்ள இடத்தில் அதிகம். இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலம் போல் செயல்பட்டு, உயிர்வாயு குறைந்த பகுதியின் இரும்பைக் கரைக்கிறது. ஆகவே காற்றுப்படும் வெளிப்பரப்பைவிடச் சேறு தங்கும் மூலைகளும், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்குகளுமே முதலில் போகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகளின் இணைப்பு உப்பியிருந்தால் உள்ளே துரு வளர்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஹைலக்ஸ், லேண்ட்ரோவர் டிஃபெண்டர், சுசுகி ஜிம்னி, பழைய பஜேரோ ஆகியவற்றின் அடிச்சட்டம் ஏணி போன்றது. நீளவாட்டில் இரண்டு பெட்டிக் குழாய்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். குழாயின் உள்ளே நுழையும் சேறும் நீரும் வடிவதற்குச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். துளை அடைபட்டால் நீர் உள்ளேயே தங்கும். அதனால் ஏணிச்சட்டம் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியில் ஒரு சிறு பொட்டு தெரியும்போது உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். (1999-இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பஜேரோவுக்குத் தனி ஏணிச்சட்டம் கிடையாது, உடலோடு ஒன்றாக்கிவிட்டார்கள். அதில் துரு இன்னும் சிக்கலான விவகாரம்.)

பெயர்பெற்ற நிறுவனம் செய்த வண்டிக்கு இது நேராது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விற்ற டொயோட்டா டகோமா பிக்கப்புகளின் சட்டங்கள் துளைவிழுந்து போனதால், 2008-இல் 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளுக்கு உத்தரவாதத்தை நிறுவனம் நீட்டித்தது. மோசமானவற்றைத் திரும்பவும் வாங்கிக்கொண்டது. பிந்திய ஆண்டு வண்டிகளுக்காக 2016-இல் ஏற்பட்ட வழக்குச் சமரசம், ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகள் தொடர்பானது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிடப்பட்டது. டகோமா நம் நாட்டு ஹைலக்ஸ் அன்று. ஆனால் சட்டம் சட்டம்தான்.

வண்டி எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் பனி இல்லை, சாலையில் உப்புத் தூவுவதில்லை. அதனால் துருப் பயம் இல்லை என்பார்கள். இது பாதி உண்மைதான். இங்கிலாந்திலிருந்தோ ஜப்பானின் பனிப்பகுதிகளிலிருந்தோ வந்த 'ரீகோன்' வண்டி, அங்கே பல குளிர்காலங்கள் உப்புச் சாலையில் ஓடியிருக்கலாம். உள்ளூர் வண்டியிலும் உப்பு உண்டு. கிழக்குக் கரையில் படகை இழுத்துக்கொண்டு கடல்நீருக்குள் பின்னோக்கி இறங்கிய பிக்கப்புகள் எத்தனை! தோட்டத்து வண்டியைப் பார்த்தால் உர மூட்டை ஏற்றினார்களா என்று கேளுங்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடுதான். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டியது மழையில் கரைந்து சட்டத்துக்குள் இறங்கும்.

வெள்ளத்தில் மூழ்கியவை தனிக் கணக்கு. 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவிக் காயவைத்து விற்பவர்கள் உண்டு. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறைக் கோடு தெரியும். விரிப்பைத் தூக்கி, இருக்கையைப் பிடித்திருக்கும் ஆணிகளையும் தண்டவாளத்தையும் பாருங்கள். உட்புறத்தில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கக் காரணமே இல்லை. பிடித்திருந்தால் விற்பவர் விளக்கம் சொல்லட்டும்.

கையில் என்ன வேண்டும்?

ஒரு டார்ச் விளக்கு, சிறு சுத்தியல், பழைய திருப்புளி, துணி சுற்றிய காந்தம், அழுக்கானாலும் பரவாயில்லை என்ற சட்டை. மழையில் நனைந்த வண்டியைப் பார்க்காதீர்கள். ஈரம் எல்லாவற்றையும் பளபளப்பாக்கும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. அருகிலுள்ள பட்டறையில் தூக்கி வைத்துப் பார்க்கச் சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். விற்பவர் பட்டறைக்கு வர மறுத்தால் அதுவே பாதி விடை.

முதலில் பின்பக்கம். பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கிகள், அப்சோர்பர் மாட்டும் இடம், கடைசிக் குறுக்குச் சட்டம் ஆகியவற்றில்தான் சக்கரம் வாரியடிக்கும் சேறு சேர்கிறது. சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'கிண்' என்று ஒலிக்கும். அரித்தது 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லையேல் சண்டை வரும். வடிதுளைகளில் விளக்கைக் காட்டிப் பாருங்கள். விரலை விட்டால் செதில் செதிலாகத் துரு வருகிறதா?

மேற்பரப்பில் படிந்த காவி நிறத் துரு பற்றிக் கவலை வேண்டாம். தேய்த்துச் சாயம் பூசினால் போகும், வயதான எல்லா வண்டியிலும் அது உண்டு. அப்பளம் போல் அடுக்கடுக்காக உரிவது வேறு. அங்கே தகடு மெலிந்துவிட்டது. ஸ்பிரிங் கொக்கி, ஸ்டீரிங் பெட்டி, இருக்கைப் பட்டை மாட்டும் இடம் ஆகியவற்றில் அப்படி உரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள். அது பணத்தைப் பற்றிய கேள்வியன்று. சட்டத்தை ஒட்டிச் செல்லும் பிரேக் குழாய்களையும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகக் குழிவிழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

மேலே கதவின் அடிவிளிம்பு, படிக்கட்டுப் பகுதி, சக்கர வளைவு, முன்கண்ணாடியின் சட்டம். சாயத்தில் கொப்புளம் கண்டால் உள்ளே துரு. காந்தம் ஒட்ட மறுக்கும் இடத்தில் பூச்சுமாவு அடைத்திருக்கிறார்கள்.

இந்தக் காந்தம் பழைய லேண்ட்ரோவரிடம் செல்லாது. அதன் உடல் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம். "இதுக்குத் துருவே பிடிக்காது" என்று விற்பவர் தட்டிக் காட்டுவார். உடல் அலுமினியம், ஆனால் சட்டமும் கால்வைக்கும் இடத்தை அடக்கிய முன்தடுப்பும் எஃகு. இரு உலோகங்களும் ஈரத்தில் சேரும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். முன்தடுப்பின் கீழ் மூலைகள், பின் குறுக்குச் சட்டம், பக்கவாட்டில் நீளும் தாங்கிக் கைகள், இவையே அதன் பலவீனம். டிஃபெண்டர் தயாரிப்பு 2016 ஜனவரியில் நின்றபோதும் இந்த அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. துத்தநாகம் பூசிய புதுச் சட்டம் வெளிநாட்டில் கிடைக்கிறதுதான். ஆனால் சட்டம் மாறினால் பதிவெண் விவகாரம் வரும். சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

எனக்கு அதிகச் சந்தேகம் தருவது துருவைவிடப் புதிய கறுப்புப் பூச்சு. பதினைந்து ஆண்டு வண்டியின் அடிப்பக்கம் தார் பூசி மினுங்கினால், ஏன் பூசினீர்கள், எப்போது, பூசுமுன் எடுத்த படம் உண்டா என்று கேளுங்கள். ஒழுங்காகத் துருநீக்கிப் பூசியவர் பெருமையாகப் படம் காட்டுவார். ஈரத் துருவின் மேல் பூசிய தார் உள்ளே நீரைப் பூட்டி வைத்து அரிப்பை வளர்க்கிறது.

"உடைமை மாற்றப் பரிசோதனையில் தேறிவிட்டதே" என்பார்கள். அண்ணன் வண்டியும் தேறியதுதான். அந்தப் பி5 பரிசோதனையின் முதன்மை நோக்கம் வண்டியின் அடையாளத்தைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு சட்டத்தையும் சுத்தியலால் தட்டுவதன்று. அதிலும் ஒரு பிடி இருக்கிறது. பொறித்த சேசிஸ் எண் துருவில் மங்கியிருந்தால் பெயர் மாற்றமே தடைபடலாம். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைத் துணியால் துடைத்து, அட்டையில் உள்ள எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பண ரசீதில், பட்டறைச் சோதனையில் சட்டம் பழுதென்று தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அண்ணன் கையில் இருந்த ரசீதில் தொகை மட்டுமே இருந்தது.