வீட்டுத் திரைப்படங்களுக்குப் பெயர் சூட்டுவது எப்படி?



நூலகத்தில் ஒரு நூலைத் தவறான அடுக்கில் வைத்துவிட்டால் அது தொலைந்ததற்குச் சமம் என்று எங்கள் நூலகச் சகோதரி அடிக்கடி கூறுவார். கணினியில் சேர்த்து வைக்கும் படங்களுக்கும் இது பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டேன்.

வீட்டில் சும்மா கிடந்த பழைய கணினியில் அப்பா ஜெல்லிஃபின் என்னும் இலவச மென்பொருளை ஏற்றினார். 2018ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கப்பட்ட இது, கணினியில் உள்ள படங்களை வைஃபை வழியாகத் தொலைக்காட்சிக்கு அனுப்பும். இதனை மீடியா சர்வர் என்பர். அலமாரியில் இருந்த டி.வி.டி. தகடுகளை எல்லாம் அதில் ஏற்றும் பொறுப்பு எனக்கு வந்தது.

சர்வர் படத்தைப் பார்ப்பதில்லை; பெயரை மட்டுமே படிக்கிறது. படித்த பெயரை இணையத்தில் தேடி, சுவரொட்டி, நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம் ஆகியவற்றைக் கொண்டுவருகிறது. ஆகவே பெயருடன் ஆண்டும் வேண்டும். 'விக்ரம்' என்று மட்டும் எழுதினால் 1986ஆம் ஆண்டுப் படமா, 2022ஆம் ஆண்டுப் படமா? இரண்டிலும் கமல்ஹாசனே நாயகர்! 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தையும் செசில் பி. டெமில் 1923இல் ஒருமுறை, 1956இல் மறுமுறை எடுத்தார். எனவே 'விக்ரம் (1986)' என்று ஒரு கோப்புறை. அதற்குள் அதே பெயரில் படம். வசன வரிகள் இருப்பின் அவற்றுக்கும் அதே பெயரிட்டு, இறுதியில் மொழிக் குறியைச் சேர்க்க வேண்டும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி முதலியவற்றை விண்டோஸ் கணினி பெயரில் ஏற்காது.

குடும்ப நிகழ்ச்சிகளைத் தனிப் பிரிவில் வைக்க வேண்டும். நான் திரைப்படங்களோடு வைத்தேன். சித்தப்பா திருமணத்தின் முகப்பில் யாரோ ஒரு நடிகர் துப்பாக்கியோடு வந்து நின்றார்! சித்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. டி.வி.டி. தகட்டைத் திறந்தால் உள்ளே 'வி.டி.எஸ்_01_1', 'வி.டி.எஸ்_01_2' என்று கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு ஜி.பி. அளவு. எந்தத் தகட்டைத் திறந்தாலும் இதே பெயர்கள்தாம். இதை நான் அறியவில்லை. தாத்தா பாட்டியின் திருமணப் பொன்விழாத் தகட்டை முதலில் ஏற்றினேன். கீறல் விழுந்த தகடு. மூன்றாம் முறைதான் ஓடிற்று. ஏறிவிட்டதே என்று அதைக் குப்பையில் போட்டேன். அடுத்துச் சித்தப்பாவின் திருமணத் தகடு, அதே இடத்தில். "இதே பெயரில் கோப்புகள் உள்ளன, மாற்றவா?" என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பொன்விழாவில் அவர் பேசிய பேச்சைக் கேட்கத்தான் பாட்டி காத்திருந்தார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பாட்டி என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அப்பா ஒன்றைக் கவனித்தார். பொன்விழாவில் ஐந்து துண்டுகள், திருமணத்தில் நான்குதான். ஆகவே ஐந்தாம் துண்டு அழியாமல் இருந்தது! பதினோரு நிமிடம். பேச்சு அதில் இல்லை. பந்தி முடியும் நேரம், தாத்தா கேமராவை நோக்கி வந்து, "தம்பி, நீங்க சாப்டீங்களா?" என்று வீடியோக்காரரைக் கேட்கிறார்.

இப்போதெல்லாம் தகட்டை உள்ளே போடும் முன்பே கோப்புறை திறந்து பெயர் எழுதிவிடுகிறேன். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் நிகழ்ச்சிகள் தாமே கால வரிசையில் நிற்கும். அந்தத் துண்டுக்கு '2014-05-10 தாத்தா பாட்டி பொன்விழா, கடைசிப் பகுதி' என்று பெயர். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதாகையால் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். மாலையில் அவரே ரிமோட்டை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்து, அதைப் போட்டுக்கொள்கிறார்.

– 10ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு